வண்ணப் புட்டியிலிருந்து ஒளிப்பதிவு மேசைக்கு: ஜப்பானிய அனிமேஷனில் நிறம் இடம்மாறிய வரலாறு

1995ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு ஜப்பானிய அனிமேஷன் தொடரையும் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னொன்றையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, கதையும் வரையும் பாணியும் ஒன்றுபோல இருந்தாலும், படத்தின் தன்மை அடியோடு வேறாக இருப்பது சில நொடிகளிலேயே புலப்பட்டுவிடும். முன்னதில் நிறங்கள் சற்று அடங்கியும் கனத்தும் இருக்கும். கோடுகளின் ஓரம் மிருதுவாக இருக்கும். திரை முழுவதும் படச்சுருளின் நுண்துகள்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். பின்னதில் நிறங்கள் பளிச்சென்று தட்டையாக நிற்கும். கோடுகள் கூர்மையாக இருக்கும். உருவங்களைச் சுற்றி எங்கிருந்தோ வரும் ஒளி மெல்லக் கசியும். கணினி கணக்கற்ற நிறங்களைக் கொண்டுவந்து சேர்த்ததே இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். நிறங்களின் எண்ணிக்கை பெருகியதைவிட ஆழமான மாற்றம், நிறம் எந்த இடத்தில், யாருடைய கையால், எந்தக் கட்டத்தில் தீர்மானிக்கப்படுகிறது என்பதில் நிகழ்ந்தது. புதிய தோற்றத்தின் குறைகளும் அழகுகளும் அதிலிருந்தே பிறந்தன.

பழைய முறையில் அனிமேஷனின் அடிப்படைப் பொருள் 'செல்' எனப்பட்ட, ஒளி ஊடுருவும் மெல்லிய தாள். தொடக்கத்தில் எளிதில் தீப்பற்றும் செல்லுலாய்டால் செய்யப்பட்டு, பின்னர் அசிட்டேட்டுக்கு மாறிய இந்தத் தாளின் முன்பக்கத்தில் உருவத்தின் கோடு பதியும். பின்பக்கத்தில் நிறம் பூசப்படும். பின்னாலிருந்து பூசுவதால் தூரிகையின் தடம் முன்னால் தெரியாது, நிறம் வழவழப்பான ஒரே பரப்பாகக் காட்சியளிக்கும். காகிதத்தில் பென்சிலால் வரைந்த கோட்டை முதலில் கையால்தான் செல்லுக்கு மாற்றினர். 1960களுக்குப் பின் கரித்தாளும் வெப்பமும் கொண்டு கோட்டைப் படியெடுக்கும் இயந்திரம் பரவியது. அது பெரும்பாலும் கறுப்புக் கோடுகளையே படியெடுத்ததால், கன்னச் சிவப்பின் எல்லை, ஆடையின் நிழல் விழும் ஓரம் போன்றவற்றுக்கான வண்ணக் கோடுகளைத் தொடர்ந்து பேனாவால் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டியிருந்தது. வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடரின் ஓர் அத்தியாயத்துக்கே 3,000 முதல் 5,000 செல்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தைப் பூசி, அது உலர்ந்தபின் அடுத்ததைத் தொட்டு, அடுக்குத் தட்டுகளில் காயவைத்து எடுப்பதே அன்றாட வேலை.

புட்டியில் அடைத்து விற்கப்பட்ட அந்த வண்ணங்களுக்கு எண்கள் உண்டு. தாய்யோ ஷிகிசாய் என்னும் நிறுவனம் தயாரித்த வண்ணங்களைப் பெரும்பாலான படக்கூடங்கள் வாங்கிப் பயன்படுத்தின. ஒரு கதாபாத்திரத்தின் முடி, தோல், சட்டை, சட்டையின் நிழல் என ஒவ்வொரு பகுதிக்கும் எந்த எண்ணுள்ள புட்டியைத் திறக்க வேண்டும் என்று பட்டியலிட்டுக் கொடுப்பவரே 'நிறக் குறிப்பாளர்'. படம் முழுவதற்குமான நிற ஒழுங்கை வகுப்பவர் 'நிற வடிவமைப்பாளர்'. ஒரு பாத்திரம் பகலில் நடந்தால் ஒரு பட்டியல், இரவில் நடந்தால் இன்னொன்று, அந்திவெயிலில் நின்றால் மூன்றாவது ஒன்று எனத் தேவைப்பட்டதாலும், ஒவ்வொரு பட்டியலும் புதிய புட்டிகளையும் கூடுதல் வேலை நேரத்தையும் கேட்டதாலும், தொலைக்காட்சித் தொடர்கள் பகல், இரவு என்ற இரண்டோடு பெரும்பாலும் நின்றுகொண்டன. இந்த வறுமைக்குள்ளிருந்தே சில இயக்குநர்கள் தங்கள் நிறமொழியைக் கண்டெடுத்தார்கள். யோஷியாகி கவாஜிரியின் 1987ஆம் ஆண்டுப் படமான 'யோஜூ தோஷி', இரவைக் கடுநீலமாகவும் ஆபத்தைச் சிவப்பாகவும் பிரித்து, சில நிறங்களாலேயே ஒரு நகரத்தைக் கட்டிக் காட்டியது. மறுபக்கத்தில், கட்சுஹிரோ ஓதோமோவின் 'அகிரா' (1988) 327 நிறங்களைப் பயன்படுத்தியது என்பதும், அவற்றில் 50 நிறங்கள் அந்தப் படத்துக்கென்றே கலக்கப்பட்டவை என்பதும் அன்று விளம்பரத்துக்குரிய பெருமையாக இருந்தன. அந்த எண்ணிக்கை வியப்பூட்டியதிலிருந்தே மற்றப் படங்கள் எவ்வளவு குறைந்த நிறங்களில் இயங்கின என்பதை ஊகிக்கலாம்.

புட்டியிலிருந்த நிறம் அப்படியே திரைக்கு வந்துவிடவும் இல்லை. பின்னணி ஓவியத்தின் மேல் செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து ஒளி பாய்ச்சி, சட்டம் சட்டமாகப் படம்பிடிக்கும்போது, ஒவ்வொரு தாளும் தனக்குக் கீழே உள்ள நிறத்தைச் சற்று மங்கச் செய்யும். கீழ் அடுக்கிலிருந்த பாத்திரம் அடுத்த காட்சியில் மேல் அடுக்குக்கு மாறினால் அதே சட்டை வேறு நிறமாகத் தெரியும் என்பதால், அடுக்குக்கு ஏற்ப நிறத்தைத் திருத்திக் கொடுப்பதும் குறிப்பாளரின் கடமையாயிற்று. நான்கைந்து அடுக்குகளுக்கு மேல் போவதை அனைவரும் தவிர்த்தனர். அதன்பின் படச்சுருளும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றியது. தொலைக்காட்சிக்கு 16 மி.மீ., திரையரங்குக்கு 35 மி.மீ. எனப் பதிவான சுருள், வெம்மையையும் துகளையும் சேர்த்து, ஓரங்களை மென்மையாக்கி, தட்டையான பூச்சையும் தூரிகையால் தீட்டிய பின்னணியையும் ஓரளவு ஒன்றாக இணைத்தது. வாளின் மின்னல், நகர விளக்கு, நீரில் சிதறும் வெயில் ஆகியவற்றைக் காட்ட, செல்லின் அடியிலிருந்து ஒளியைத் துளைகள் வழியே செலுத்தி அதே சுருளில் இரண்டாம் முறை பதிவுசெய்யும் 'தோகாகோ' என்ற உத்தி கையாளப்பட்டது. அந்த ஒளி பூசிக் காட்டப்பட்டதல்ல, உண்மையாகவே படச்சுருளைச் சுட்ட ஒளி. அக்காலப் படங்களின் விளக்குகள் இன்றும் கண்ணைத் தொடுவதற்கு அதுவே காரணம்.

இத்தனை நுணுக்கமான வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோடு படியெடுப்பதும் நிறம் பூசுவதும் சேர்ந்த 'ஷியாகே' என்னும் நிறைவுப் பிரிவு, படக்கூடத்தின் படிநிலையில் கீழாகவே வைக்கப்பட்டது. வேலை மிஞ்சியபோது வீடுகளுக்கும், பின்னர் கொரியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பப்பட்டது. ஒசாமு தெசுகாவின் முஷி நிறுவனத்தில் நிறம் பூசிய அனுபவமுள்ள யோகோ ஹத்தா, 1981இல் கியோத்தோவை அடுத்த உஜியில் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துத் தொடங்கிய பூச்சுக் குழுவே பின்னாளில் கியோத்தோ அனிமேஷன் என்ற புகழ்பெற்ற நிறுவனமாக வளர்ந்தது. 1958இல் தோயெய் நிறுவனத்தில் சேர்ந்த மிச்சியோ யசுதாவின் வாழ்க்கை இந்த வரலாறு முழுவதையும் தழுவியது. அங்கே ஹயாவோ மியாசாகியோடும் இசாவோ தகாஹாதாவோடும் பழகிய அவர், 1984இன் 'நவ்சிகா' முதல் 2013இன் 'காற்று எழுகிறது' வரை அவர்களின் படங்களுக்கு நிறம் வகுத்து, 2016இல் மறைந்தார். பூசும்போது ஒரு நிறம், உலர்ந்தபின் இன்னொரு நிறம், சுருளில் மூன்றாவது நிறம் என்ற மாற்றங்களையெல்லாம் மனத்தில் முன்கூட்டியே கணித்து, இறுதியில் திரையில் வரவேண்டிய நிறத்துக்காகத் தொடக்கத்தில் வேறொரு புட்டியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அவரைப் போன்றவர்களிடம் இருந்தது. ஜப்பானிய அனிமேஷனின் வரலாற்றை எழுதுவோர் இயக்குநர்களுக்கும் அசைவோவியர்களுக்கும் கொடுக்கும் இடத்தில் சிறு பங்கைக்கூட இந்த அறிவுக்குக் கொடுக்கவில்லை என்பது பெருங்குறை.

அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் தனக்கென உருவாக்கிய கணினி அமைப்பைக் கொண்டு 1990இலேயே ஒரு முழுநீளப் படத்தைச் செல் இல்லாமல் முடித்துவிட்டது. ஜப்பானில் அத்தகைய முதலீட்டுக்கு வழியில்லை. தொலைக்காட்சியின் குறைந்த செலவுத் திட்டத்தில், பல சிறு நிறுவனங்கள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் தொழில் அது. ஆகவே மாற்றம் மேசைக்கணினியில் ஓடும் மென்பொருளின் வழியாகவே வந்தது. செல்சிஸ் நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'ரெதாஸ்' அந்தப் பணியைச் செய்தது. பென்சில் ஓவியத்தை வருடி உள்ளிட்டு, கோடுகளைப் பிரித்தெடுத்து, அடைபட்ட பகுதிகளை நிறத்தால் நிரப்பும் இம்மென்பொருள், அசைவோவியர்களின் பழைய பழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. உருவத்தின் வெளிக்கோட்டுக்குக் கறுப்பு, நிழல் எல்லைக்கும் ஒளி எல்லைக்கும் சிவப்பு, நீலம், பச்சை எனப் பென்சில்களைப் பிரித்து வரைவது அவர்களின் வழக்கம். மென்பொருள் அந்த வண்ணக் கோடுகளைத் தனித்தனியே அடையாளங்கண்டு, பக்கத்து நிறத்துக்குள் கரைத்துவிட்டது. முன்பு ஒரு பெண் பேனாவால் இழுத்த கோடு இப்போது கணக்கீட்டின் ஒரு படியாயிற்று. கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் நிறம் அடுத்த பகுதிக்குள் பாய்ந்துவிடும் என்பதால், வரைபவர்கள் எல்லாக் கோடுகளையும் மூடிய வட்டங்களாக வரையப் பழகினார்கள். அலைந்து உடையும் பென்சில் கோடு இதனால் மெல்ல மெல்ல அருகியது. தோயெய் 1997இல் 'கெகெகெ நோ கிதாரோ'வின் நான்காம் தொடரை நடுவழியிலேயே இந்த முறைக்கு மாற்றியது.

அதே 1997இல் வெளிவந்த மியாசாகியின் 'மோனோனோகே இளவரசி' இரண்டு உலகங்களிலும் கால் வைத்த படம். ஏறத்தாழ 1,44,000 செல்கள் கொண்ட அப்படத்தில் சுமார் பத்து நிமிடக் காட்சிகள் 'தூன்ஸ்' என்ற இத்தாலிய மென்பொருளால் நிறமேற்றப்பட்டன. ஒரே காட்சித்தொடரில் செல்லில் பூசிய சட்டமும் கணினியில் நிரப்பிய சட்டமும் அடுத்தடுத்து வருவதால், ஒட்டுப்போட்ட இடம் தெரியாதபடி செய்வதே யசுதாவின் குழுவுக்குச் சவாலாக இருந்தது. புட்டியின் வண்ணத்தைக் கண்ணால் பார்த்து எண்ணாக மாற்றும் அந்தப் பணியில், பழைய அறிவுதான் புதிய கருவிக்கு அளவுகோலைக் கொடுத்தது. மியாசாகியும் தகாஹாதாவும் பணியாற்றிய ஜிப்லி படக்கூடம் முற்றிலும் டிஜிட்டலுக்கு மாறிய முதல் படமான தகாஹாதாவின் 'அண்டை வீட்டு யமதாக்கள்' (1999) வேறொரு வழியில் சென்றது. நீர்வண்ணம் காகிதத்தில் பரவி, ஓரத்தில் வெள்ளை விட்டு, கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் தோற்றத்தை அவர் விரும்பினார். செல்லில் அது இயலாது; கணினிக்கும் மூடாத கோட்டுக்குள் நிறம் நிரப்பத் தெரியாது. எனவே கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கென ஓர் ஓவியமும், நிறத்தின் எல்லையை மறைவாக வகுக்க இன்னோர் ஓவியமும் எனப் பல ஓவியங்களைச் சேர்த்தே ஒவ்வொரு சட்டமும் உருவாக்கப்பட்டது. வேலையைக் குறைப்பதற்காக வந்த கருவியைக் கொண்டு பன்மடங்கு வேலை செய்யப்பட்ட அந்தப் படம் வணிகத்தில் தோற்றது. ஆயினும் டிஜிட்டல் நிறம் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை என்பதை, அது தட்டையாக இருந்த காலத்திலேயே நிரூபித்த படம் என்ற வகையில் அதன் இடம் மிகப் பெரியது.

ஏனெனில் அடுத்த சில ஆண்டுகள் தட்டையாகவே கழிந்தன. 'டோரேமோன்', 'போகேமோன்' போன்ற நெடுந்தொடர்கள் 2002ஐ ஒட்டிச் செல்லைக் கைவிட்டன. புதிய தொடர்கள் தொடக்கத்திலிருந்தே கணினியில் உருவாயின. திரையில் சாத்தியமான நிறங்கள் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல் என்ற நிலை வந்தும், அக்காலத் தொடர்களில் காணக்கிடைப்பது வளமன்று, கூச்சலே. செறிவு மிகுந்த சிவப்பும் நீலமும், ஒட்டவைத்ததுபோல் பின்னணியிலிருந்து விலகி நிற்கும் உருவங்களும், ஊசிபோல் மெலிந்த கோடுகளும் பார்வையாளர்களுக்கு அந்நியமாக இருந்தன. இதற்குக் கலைஞர்களின் திறமைக்குறைவு காரணமன்று. புட்டி, அடுக்கு, விளக்கு, சுருள் என்ற நான்கும் நிறத்தின் மேல் செய்துவந்த வேலை அதுவரை யாருடைய பட்டியலிலும் எழுதப்படாமலேயே நடந்துவந்தது. அவை நான்கும் ஒரே நேரத்தில் நீங்கியபோதுதான், படத்தை ஒன்றாகப் பிணைத்தவை அவையே என்பது தெரியவந்தது. செல்லுக்காகத் தேர்ந்தெடுத்த நிறத்தை எண்ணாக மாற்றி அப்படியே திரையில் காட்டினால், மங்கச் செய்யவும் வெம்மை ஊட்டவும் எதுவும் இல்லாததால், அது தன் முழு வலிமையோடு கண்ணில் அறைந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள், எதிர்பாராத வகையில், ஒளிப்பதிவுப் பிரிவினர். கேமராவும் சுருளும் போய்விட்டாலும், ஓவியங்களையும் பின்னணியையும் கணினியில் ஒன்றிணைக்கும் வேலைக்கு ஜப்பானியப் படக்கூடங்களில் இன்றும் ஒளிப்பதிவு என்றே பெயர். நிறம் பூசி முடிந்த உருவத்தின் மேல் இந்தக் கட்டத்தில் ஒரு சாய்வு நிழலைப் பரப்பலாம், சன்னலோரத்திலிருந்து ஒளியைக் கசியவிடலாம், முழுச் சட்டத்தையும் மாலை நிறத்துக்குத் திருப்பலாம். இதனால் நிறம் பூசும்போது தீர்ந்துபோன முடிவாக இருந்தது, கடைசி நாள் வரை திறந்திருக்கும் முடிவாயிற்று. மாகோதோ ஷின்காய் 2002இல் தன் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் தனியாளாக உருவாக்கிய 'ஹோஷி நோ கோயே', சுமார் 25 நிமிடங்களே ஓடும் படம். உருவ வரைவில் அது எளியதே. ஆனால் வானத்தின் ஒளி பாத்திரத்தின் முடியோரத்திலும் மேசையின் விளிம்பிலும் ஒரே சமயத்தில் படியும் விதத்தை அது காட்டியபோது, டிஜிட்டல் படத்தில் பின்னணியையும் உருவத்தையும் இணைக்கப்போவது ஒளியே என்பது தொழிலுக்கே புலப்பட்டது. அவருடைய பிற்காலப் படங்களில், குறிப்பாக 2016இன் 'உன் பெயர்' படத்தில், தோலின் நிறம் என்று நிலையான ஒன்று ஏறக்குறைய இல்லை. இடத்துக்கும் பொழுதுக்கும் ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பட்டியல்களோடு நின்ற தொழில் காட்சிக்கொரு பட்டியலுக்கு வந்துசேர்ந்த தொலைவு அது.

பழைய தோற்றத்தை மீட்க முயலாமல் புதிய பொருளின் இயல்பையே பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. மஹிரோ மயேதா இயக்கிய 'கன்குட்சுவோ' (2004) தொடரில் ஆடைகளின் பூவேலைப்பாடு உடலோடு அசைவதில்லை. உடல் அசைய, அதன் உருவரை ஒரு சன்னலாகி, பின்னால் நிலையாக விரிந்த துணிவடிவத்தைத் திறந்து காட்டுகிறது. கென்ஜி நகமுராவின் 'மோனோனோகே' (2007), மியாசாகியின் படத்தோடு தொடர்பற்ற வேறொரு தொடர். அது சட்டம் முழுவதன் மேலும் ஜப்பானியக் கைக்காகிதத்தின் இழைகளைப் படியவைத்து, மரச்செதுக்கு அச்சுகளின் உலகத்தை அசைய வைத்தது. மமோரு ஹோசோதா 'காலத்தைத் தாண்டிய சிறுமி' (2006) போன்ற படங்களில் தன் பாத்திரங்களிலிருந்து நிழலையே நீக்கி, தட்டைத்தன்மையைக் குறையாகக் கருதாமல், உருவத்தின் அசைவு தெளிவாகத் தெரிவதற்கான வழியாக ஆக்கிக்கொண்டார். இம்மூன்றும் செல்லில் கனவு காணவும் முடியாத அல்லது தேவைப்படாத தீர்வுகள். டிஜிட்டல் நிறத்தின் உண்மையான வெற்றி, படச்சுருளின் வெம்மையைத் திறம்படப் போலிசெய்யும் படங்களைவிட இவற்றிலேயே அதிகம் வெளிப்படுகிறது.

ஒரே படைப்பு இரண்டு முறைகளிலும் செய்யப்பட்ட அரிய தருணங்கள் வேறுபாட்டை அளந்து பார்க்க உதவுகின்றன. 1995இல் செல்லில் வந்த 'எவாஞ்செலியன்' தொடரின் தொடக்க அத்தியாயங்கள் 2007இல் பழைய வரைவுகளை அடிப்படையாகக் கொண்டு திரைப்படமாக மறுபடி உருவாக்கப்பட்டன. ஊதாநிற இயந்திர உருவின் பச்சைப் பகுதிகள் பழைய தொடரின் இரவுக் காட்சிகளில் மங்கிய பச்சையாகவே நின்றன. புதியதில் அவை இருளில் தாமே ஒளிர்கின்றன. சட்டகம் ஒன்றாக இருந்தும் நிறம் ஒரு புதிய பொருளைச் சொல்லிவிடுகிறது. மமோரு ஓஷீயின் 'கோஸ்ட் இன் தி ஷெல்' 1995இல் பச்சைச் சாயலோடு வெளிவந்து, 2008இன் திருத்தப் பதிப்பில் ஆரஞ்சுச் சாயலுக்கு மாறியது. எளிதாக மாற்ற முடிவதாலேயே ஒரு படத்தின் நிறத்தை மாற்றுவது, முதலில் அதை வகுத்தவரின் உழைப்புக்கு நியாயம் செய்யுமா என்ற கேள்வியை அந்தப் பதிப்பு விட்டுச்சென்றது.

செல்லை இறுதிவரை விடாமல் பிடித்திருந்தது 'சசாஏ-சான்'. 1969 முதல் ஞாயிறு மாலைகளில் ஒளிபரப்பாகிவரும் இந்தக் குடும்பத் தொடரின் கடைசிச் செல் அத்தியாயம் 2013 செப்டம்பர் 29 அன்று வந்தது. அதோடு ஜப்பானியத் தொலைக்காட்சியில் புட்டி வண்ணத்தின் காலம் முடிந்தது. நிறைவுப் பிரிவு மறைந்துவிடவில்லை. உலரும் நேரமும் விமானத்தில் செல் பெட்டிகளை ஏற்றியிறக்கும் செலவும் இல்லாததால் வேலை வலைப்பின்னல் வழியாக அயல்நாடுகளுக்கு இன்னும் எளிதாகச் சென்றது. உள்நாட்டில் நிறம் பூசியவர்கள் தூரிகையை வைத்துவிட்டு எலிக்கருவியைப் பிடித்தார்கள். கால அவகாசம் கூடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மாறாக, கடைசி நேரம் வரை திருத்தலாம் என்ற வசதியே கடைசி நேரம் வரை திருத்த வேண்டும் என்ற நெருக்கடியாகி, அவர்களின் இரவுகளைத் தின்றது.

பாதுகாப்பு என்ற கோணத்தில் இந்த வரலாறு ஒரு முரணில் வந்து நிற்கிறது. 'அகிரா'வின் 35 மி.மீ. சுருளிலிருந்து 2020இல் 4கே தரத்தில் புதிய பதிப்பு எடுக்க முடிந்தது. 1988இல் எந்தத் திரையும் காட்டியிராத நுணுக்கங்களும் அந்த நிறங்களில் வெளிப்பட்டன. 2000ஐ ஒட்டிய டிஜிட்டல் தொடர்கள் பலவற்றுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அவை அன்றைய தொலைக்காட்சிப் பெட்டியின் அளவான 640க்கு 480 புள்ளிகளில்தான் உருவாக்கப்பட்டன. அதற்கு மேற்பட்ட விவரம் கொண்ட நிறமேற்றிய மூலம் எங்கும் இல்லை. இன்றைய மறுவெளியீடுகளில் பெரிதாக்கும் மென்பொருள் இட்டு நிரப்பும் ஓரங்களும் சாயல்களும் அன்றைய நிற வடிவமைப்பாளர்கள் பார்த்தவையல்ல. ஆகவே அந்தப் பத்தாண்டுகளின் நிறத்தை ஆராய விரும்புவோருக்கு, அன்று ஒளிபரப்பான அதே சிறிய அளவிலான பதிவும், காட்சிதோறும் நிறங்களின் எண்களைக் குறித்துவைத்த படக்கூடத்துப் பட்டியல்களும்தான் நம்பத்தக்க சான்றுகள். செல்களைச் சேகரிப்போர் பலர் இருக்க, இந்தப் பட்டியல்களைத் தேடிச் சேர்க்கும் வேலைக்கு இன்னும் போதிய கைகள் வந்துசேரவில்லை.